சூளைக்காரத் தெருவில் இல்லாத சந்து

1

இந்தக் கதை லீமாவின் டீக்கடைப் பெஞ்சில் பிறந்தது. எங்கள் சூளைக்காரத் தெருவுக்கு வழி கேட்டு வந்த ஒருவருக்குப் பெஞ்சில் இருந்த நாங்கள் ஆளுக்கொரு வழி சொன்னோம். மிரண்டு திரும்பிப் போய்விட்டார். தெருவையே எழுதிவிட்டால் என்ன என்று எனக்குக் கை பரபரத்தது. (தலை நரைக்கத் தொடங்கியபின் எழுத்துப் படித்தவன். தோள் கடுத்தாலும் கை அடங்காது.)

முதல் தொடக்கம்: 'விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி வலப்பக்கம் திரும்பினால்...' வேண்டாம். ஆட்டோக்காரர் பேச்சு.

இரண்டாவது: 'முன்பு வெள்ளைக் களிமண் ஏற்றிய மாட்டுவண்டிகள் போன தடத்தில்' ... இதையும் பாதியில் விட்டேன். அந்த வண்டிகளை நான் பார்த்ததில்லை.

2

மூன்றாவதுதான் ஓடியது. பீங்கான் சூளையில் சாமான் அடுக்குவது என் வேலை. உள்சுவரில் தொடங்கி வாசலுக்கு வருவோம். தெருவையும் அப்படியே அடுக்கினேன். கடைக்கோடியில் ரயில்வே சுவர். அதற்கு முன்னால் தண்ணீர் டேங்க். அடுத்து மாதா சிலை வைத்த கெபி; விரிசல் விட்ட பொம்மைகளைக் குப்பையில் போட மனம் வராமல் எல்லோரும் அங்கே வைத்துவிடுவதால், மாதாவைச் சுற்றிக் காது போன யானைகள், வால் போன மயில்கள். பிறகு பொம்மைக்கு வர்ணம் தீட்டும் பச்சமுத்து வீடு. மதில் மேல் கழித்துப்போட்ட மின்கம்பத்துப் பீங்கான் இன்சுலேட்டர்கள். பிறகு ஒரு சந்து. பிறகு லீமா கடை. பிறகு மெயின் ரோடு.

[தெரு இத்தோடு முடிந்தது. கதை இங்கேதான் தொடங்குகிறது.]

பச்சமுத்து வீட்டை இடித்துக் கட்டப்போகிறார். அவர் வீட்டுக்கும் லீமா கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அது போனால் கடைக்கூரை உட்கார்ந்துவிடும். பொங்கலிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

3

எழுதியதை லீமாவிடம் படித்துக்காட்டினேன்.

"இன்னாண்ணே, என் கடைக்கும் அவரு வூட்டுக்கும் நடுவுல சந்துன்னு எழுதியிருக்க? நீ டீ குடிக்கிறதே அந்தச் செவுத்துல சாஞ்சிதான?"

கைப்பழக்கம் செய்த வேலை, வாசகரே. மெருகு பூசிய இரண்டு சாமான்கள் சூளையில் தொட்டுக்கொண்டு நின்றால், வெந்ததும் மெருகு உருகி ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் இரண்டும் போச்சு. அதனால் நடுவில் விரல் நுழைய இடம் விடுவோம். தெருவுக்கும் விட்டுவிட்டேன்.

சந்து என்ற சொல்லை அடிக்கப் பேனாவை எடுத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் காது கொடுத்திருந்த பச்சமுத்து, காதில் செருகிய தூரிகையோடு வந்து நின்றார்.

"அடிக்காத, சுப்புராயா. பழைய செவுரு அந்தம்மாவுக்கு நிக்கட்டும். என்னுத உள்ள தள்ளிக் கட்டுனா?"

லீமா அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "ஹாலு சின்னதாப் பூடும்னு அவருகிட்ட சொல்லுண்ணே."

"டீக்கடைக் கும்பலு என் ஹாலுக்கா வரப்போவுதுன்னு நீ சொல்லுய்யா."

4

முடிவு ஒன்று: இருவரும் சிரித்து, டீ குடித்து... சர்க்கரை தூக்கல்.

முடிவு இரண்டு: சுவர் விழுகிறது. இதற்குப் பேனா ஓடவில்லை. அந்தச் சுவரில் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

இப்போது பச்சமுத்து முளைக்குச்சியும் கயிறுமாக நிற்கிறார். கயிற்றின் மறுமுனை லீமா கையில்.

"எத்தினி விரலுன்னு எழுதியிருக்க, பாரு" என்கிறார்.

பார்த்தேன். அளவை எழுதவே இல்லை. ஆளுக்கு ஒரு பக்கமாகக் கயிற்றை இழுக்கிறார்கள்.

'பச்சமுத்து வீட்டுக்கும் லீமா கடைக்கும் நடுவே [          ] விரல் சந்து.'

நீங்களே நிரப்புங்கள். சைபர் மட்டும் போட்டுவிடாதீர்கள். கடைக்கூரைக்குக் கீழே அடுப்பில் பால் இருக்கிறது.