மைக்காரர் பெண்டாட்டி

விறைத்துப்போன தோளைத் தம்பி தூக்கிப் பிடித்துக்கொள்ள, அவள் கணவரின் இடது கையை நீலச் சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். கை வளைந்துகொடுக்கவில்லை. சுகாதார அலுவலகம் கொடுத்த பச்சைக் கோட்டைப் போட்டுவிடலாம், தெருக்காரர்கள் அவரை அப்படித்தான் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்று நர்ஸ் வாசலிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் அவள் பீரோவின் அடித்தட்டைக் குடைந்து இந்த நீலச் சட்டையை எடுத்தாள். பச்சைக் கோட்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தொங்கட்டும்.

"காலர் மடிஞ்சிருக்குக்கா" என்றான் தம்பி.

அவள் நீவிவிட்டாள்.

தொற்று பரவத் தொடங்கியதிலிருந்து அவர் அறிவிப்பு ஆட்டோ ஓட்டினார். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி, ஹேண்டில்பாரில் கட்டிய மைக். பின் சீட்டில் மருந்துப் பெட்டியோடு நர்ஸ். என்ன சொல்ல வேண்டும் என்று அலுவலகம் எழுதிக் கொடுத்ததை ஒரு தடவை படித்துப் பார்த்து மடித்து வைத்துவிட்டு, தன் பாட்டுக்குப் பேசுவார். காய்ச்சலோ இருமலோ இருந்தால் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், மூக்கில் ஒரு குச்சி விடுவார்கள், தும்மல் வரும், அவ்வளவுதான். முடிவு தெரிகிறவரைக்கும் வீட்டோடு இருங்கள், சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போகாமல் இருக்க இதைவிட நல்ல சாக்கு ஆயுசுக்கும் கிடைக்காது. மூடிய கதவுகளுக்குப் பின்னால் ஜனங்கள் சிரிப்பது தெருவில் கேட்குமாம். தடுப்பூசிக்குப் பயந்து வராதவர்கள் வீட்டுப் படியில் போய் உட்கார்ந்துவிடுவாராம். எல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவருக்கு 'மைக்காரர்' என்று பெயர் விழுந்தது. அவளும் மைக்காரர் பெண்டாட்டி ஆனாள்.

வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். வெந்நீரைக் குடித்துவிட்டுத் தலையாட்டுவார். என்ன கேட்டாலும் தலையாட்டல்தான். ஊருக்குத் தேனையெல்லாம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வெறும் கூட்டைக் கொண்டுவருகிற மனுஷன் என்று ஒருநாள் அவள் பாத்திரம் கழுவியபடியே சொன்னாள். அதற்கும் தலையாட்டினார்.

ஊசி வந்த புதிதில், பேப்பரைப் புரட்டிக்கொண்டே, "நீயும் போட்டுக்கோ" என்றார். அந்த இரண்டு வார்த்தையோடு சரி. அதே வாரம் எதிர்வீட்டுத் தையல்காரரின் படியில் உச்சிவெயிலில் உட்கார்ந்து பேசினார். நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டது, அவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். பேச்சு காதில் விழவில்லை. கை ஆடுவதும், தையல்காரர் சிரிப்பதும், பின்னால் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதும்தான் தெரிந்தன. கடைசியில் தையல்காரர் சட்டைக் கையை மடித்தார்.

அவள் போட்டுக்கொள்ளவில்லை. தன்னிடமும் ஒருநாள் அப்படி வந்து உட்காரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தாள். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நேற்று மத்தியானம் காய்கறிக் கடைத் தெருவில், பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஹேண்டில்பாரில் சாய்ந்துவிட்டார். மைக் அணைந்திருக்கவில்லை. "பரிசோதனை பண்ணிக்க பயப்பட ஒண்ணுமில்" என்று பாதியில் நின்றதையும், பிறகு வந்த மூச்சையும், நர்ஸ் 'அண்ணே, அண்ணே' என்று கத்தியதையும் தெருவே கேட்டது. அவள் அப்போது வீட்டில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவர் கடைசியாகச் சொன்னது இன்னதென்று அவளுக்கு வந்து சொன்னது பால்காரர்.

இப்போது கூட்டத்தையும் நர்ஸ்தான் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். எல்லாரும் ஒரேயடியாக உள்ளே போகக்கூடாது, முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றுங்கள், தள்ளித் தள்ளி நில்லுங்கள். அழுகிற குரலிலேயே சொன்னாள். ஜனங்களும் கேட்டார்கள். செத்தவர் யார் வீட்டு மனுஷன் என்று புதிதாக வருகிறவனுக்குச் சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

அவள் முன்பின் பார்த்திராத முகங்கள் வந்தன. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண், இவன் வயிற்றில் இருக்கும்போது ஊசி போடலாமா கூடாதா என்று தவித்தபோது அண்ணன்தான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்திலேயே நின்றார் என்று சொல்லி அழுதாள். மைக்காரர் பெண்டாட்டிக்கு அழுகை வரவில்லை. தனக்குப் பல் பிடுங்கினபோது இவர் வெளியே ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது.

தம்பி கையை அலம்பிவிட்டு வாசலுக்குப் போனவன் அங்கே நின்றிருந்த நாலு பேரிடம் பேச ஆரம்பித்திருந்தான். மாமா போன மாதம்தான் எல்லாரும் பார்க்க வேண்டுமென்று தெருவில் வைத்து அடுத்த ஊசி போட்டுக்கொண்டார், கல்லு மாதிரி இருந்த மனுஷன், வேறென்ன காரணம் இருக்க முடியும் என்று அவன் சொன்னது மெல்ல உள்ளே வந்தது. வாசல் சலசலத்தது. நாளைக்கு ஊசி முகாமுக்குப் போக வேண்டாமென்று ஒரு குரல் கேட்டது. நர்ஸ் ஏதோ சொல்லப் பார்த்தாள். உனக்குச் சம்பளம் வருகிறது, நீ அப்படித்தான் சொல்லுவாய் என்று யாரோ அடக்கினார்கள்.

தையல்காரர் உள்ளே வந்தார். உடம்பின் கால்மாட்டில் நின்று கும்பிட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. நாளைக்கு எங்க வீட்டுக்காரிக்கு ஊசி. உங்களுக்குத் தெரியாம இருக்காது. ஊசியாலதான் போயிட்டாரா?"

வாசலிலிருந்து தலைகள் உள்ளே எட்டிப் பார்த்தன. அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன. இந்தத் தெரு அவளை இப்படிப் பார்த்ததே இல்லை.

 பதில் சொல்லாமல் இருந்தாலே போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. தலையை லேசாக ஆட்டினால், அவர் வீடு வீடாகப் படியேறி உட்கார்ந்து பேசியதெல்லாம் பொழுது சாய்வதற்குள் கரைந்துபோகும். நர்ஸ் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண்கள் கெஞ்சின. கெஞ்சட்டும் என்று இருந்தது அவளுக்கு. அந்தச் சில நொடிகளை அவள் விட்டுக்கொடுக்க அவசரப்படவில்லை.

தையல்காரரே மறுபடி கேட்டார். "உங்களுக்கே அவர் ஊசி போட வைக்கலைன்னு சொல்றாங்களே."

அவள் கணவரின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள்.

"அவருக்கு நெஞ்சுவலி நாலஞ்சு வருஷமா இருக்கு" என்றாள். "இந்த நோயும் இல்ல, ஊசியும் இல்ல அப்போ. பழைய அடைப்புன்னு ஆஸ்பத்திரியில நேத்தும் சொன்னாங்க. வெளிய தெரிஞ்சா வண்டியைப் பிடுங்கிக்குவாங்கன்னு யார்கிட்டயும் மூச்சு விடல. நாக்குக்கு அடியில மாத்திரை வச்சது நான். விடிய விடிய நெஞ்சைத் தடவிக்கொடுத்தது நான். வேற யாருக்குத் தெரியும்?"

கடைசிக் கேள்வியை அவள் தையல்காரரைப் பார்த்துக் கேட்கவில்லை.

"என்கிட்டகூடச் சொல்லலியே" என்றாள் நர்ஸ்.  "பக்கத்துலயேதானே இருந்தேன்."

"சொல்லமாட்டார்" என்றாள் அவள். நேற்றிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கினாற்போல மூச்சு சீராக வந்தது.

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தையல்காரர், அப்படியானால் நாளைக்கு வீட்டுக்காரியை அழைத்துக்கொண்டு போகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியேறினார். வாசலில் யாரும் அதற்கப்புறம் ஊசியைப் பற்றிப் பேசவில்லை.

வண்டி வந்தது. ஆண்கள் தூக்கினார்கள். வாசற்படியில் கொஞ்சம் சாய்த்தபோது நீலச் சட்டையின் கை மட்டும் வெளியே சரிந்தது, தம்பி அதை உள்ளே வைத்தான். தெரு முனைவரை ஜனங்கள் இடைவெளி விட்டு நடந்தார்கள். வண்டி திரும்பி மறைந்ததும் அவரவர் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது.

நர்ஸ் மட்டும் போகவில்லை. அவரைக் கிடத்தியிருந்த பெஞ்சை மடித்துச் சுவரில் சாத்தினாள், தரையைப் பெருக்கினாள். அவள் தடுக்கவில்லை. வேலை முடிந்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நர்ஸ் தயங்கி நின்றாள்.

"நிறையப் பேர் வந்து போயிருக்காங்க. தொண்டை கரகரன்னு இருந்தா உடனே சொல்லுங்க, நானே வந்து பரிசோதனை எடுக்கறேன். நீங்களும் ஊசி போட்டுக்குங்கக்கா."

அவரைப் போலவே, இரண்டு மூன்று வார்த்தையோடு சரி. அவளுக்குச் சுருக்கென்றது.

"உட்காரு" என்றாள்.

நர்ஸ் பையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தையல்காரர் வீட்டுப் படியில உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசினாரே. என்ன பேசினார்?"

நர்ஸ் யோசித்தாள். "நிறைய பேசினாருக்கா. எல்லாம் ஞாபகம் இருக்குமான்னு..."

"ஞாபகம் இருக்கறதைச் சொல்லு. ஒண்ணும் விடாம."

"முதல்ல ஊசியைப் பத்தி வாயே திறக்கல. மெஷின் சத்தத்தைக் கேட்டுட்டு, என்னய்யா உன் மெஷினுக்கு என்னைவிட மோசமா தொண்டை கட்டியிருக்குன்னார்..."

"கொஞ்சம் இரு" என்றாள் அவள். எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலையும் இழுத்து மூடினாள். திரும்பி வந்து நர்ஸின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ம்" என்றாள்.