இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்

வருசத்தில் இரண்டு தரம் மணிக்கூட்டோடு சேட்டை விடாவிட்டால் கனடாக்காரருக்குப் பொழுது போகாது. 1995 ஏப்ரல் முதல் ஞாயிறும் அப்படித்தான். விடியப்புறம் இரண்டு மணியை மூன்றாக்கிவிட்டார்கள். வீட்டில் கிடப்பவனுக்கு அது ஒரு கொட்டாவியோடு போய்விடும். லொறி ஓட்டுகிறவனுக்குப் போகாது. ஓடிய நேரமும் ஓய்வெடுத்த நேரமும் குறிக்கிற அவனுடைய லொக் புத்தகத்தில் ஒரு நாளுக்கு இருபத்துநான்கு கட்டம். அந்த நாளிலோ இருபத்துமூன்று மணித்தியாலம்தான்.

கோர்ன்வோலில் லொறிகள் தரிக்கும் இடத்தில் இரவிச்சந்திரன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணைக் கசக்கினான். சாமானை மொன்றியல் யார்டில் விட்டால் வேலை முடிந்தது. ஆனால் எட்டு மணித்தியாலம் ஓய்வெடுக்காமல் லொறியை எடுக்கக்கூடாது. அதே கொம்பனிக்கு ஓடும் அருமைராசா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"ரெண்டுக்கும் மூண்டுக்கும் நடுவிலை இருக்கிற கட்டத்தை வெட்டிவிடு மச்சான். நீ படுத்தது ஏழுதான். இன்னும் ஒண்டு படு."

"படுத்தால் ஒன்பதரைக்கு வீட்டை நிக்கேலாது. இண்டைக்குப் புஷ்பவதி போன் எடுப்பாள்."

புஷ்பவதி அவன் மனைவி. யாழ்ப்பாணத்தில் வெளியே போய்வர அனுமதிக்கும் பாஸ் எடுத்து, வள்ளத்திலும் பஸ்ஸிலுமாகக் கொழும்புக்கு வந்திருந்தாள். கூடவே மகள் அஜந்தா. அவன் நாட்டை விட்டு வந்தபின் பிறந்தவள். ஐந்து வயதாகியும் அப்பாவின் குரலைக் கேட்டதில்லை. ஞாயிறு இரவு எட்டு மணிக்கு எடுப்பதாகப் புஷ்பவதி எழுதியிருந்தாள். மொன்றியலில் அது காலை ஒன்பதரை என்று அவன் போன மாதமே கணக்குப் பார்த்து வைத்திருந்தான்.

அவன் எட்டுக் கட்டத்துக்கும் சேர்த்து ஓய்வு என்று ஒரே கோடாக இழுத்தான்.

"இல்லாத மணித்தியாலத்திலையும் நித்திரை கொண்டிருக்கிறாய். கெட்டிக்காரன்," என்றான் அருமைராசா.

உண்மையில் ஏழு மணித்தியாலமும் அவன் கண்ணை மூடவில்லை. அலாரம் அடிக்காமல் விட்டுவிடுமோ என்ற பயத்திலேயே விடிந்துவிட்டது. போகும் வழியில் இரண்டு தரம் கண் சொக்கியது. தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு ஓட்டினான்.

மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்த தன் வீட்டில் போனுக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினான். ஒன்பதரை ஆனது. பத்தும் ஆனது. சோதனைச் சாவடியில் மறித்துவிட்டார்களோ, பிள்ளைக்கு ஏதும் வருத்தமோ என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அப்படியே சாய்ந்தவன் பிணம்போல் தூங்கிப்போனான்.

எழும்பியபோது பின்னேரம். ஆள் எடுக்காவிட்டால் பிரெஞ்சில் வணக்கம் சொல்லிப் பேச்சைப் பதிந்துவைக்கும் ஆன்ஸரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னியது.

"இஞ்சருங்கோ, நிக்கிறியளே? சொன்னபடி சரியா எட்டு மணிக்குத்தான் எடுக்கிறன். கோல் எடுக்கிற கடையைப் பூட்டப்போறாங்கள். இரவு பஸ்ஸுக்குப் போகவேணும். பாஸ் நாளையோடை முடியுது."

சரியாக எட்டு மணி. கொழும்பில் யாரும் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளவில்லை. புது மணிக்கு அது பத்தரை. சட்டப்படி மற்ற ஒரு மணித்தியாலத்தையும் படுத்துவிட்டு வந்திருந்தாலே அவன் பிடித்திருப்பான். தன்மேல் வந்த ஆத்திரத்தில் தலையைச் சுவரில் இடித்தான்.

புஷ்பவதி இரண்டாம் முறையும் எடுத்திருந்தாள். இம்முறை றிசீவர் பிள்ளையின் கையில் இருந்திருக்கிறது.

"அம்மா, அப்பா என்னோடை கதைச்சவர்!"

"உண்மையாவோ? என்ன சொன்னவர்?"

"போன்ஜூர் எண்டவர். பேந்து கூ எண்டு ஊதினவர்."