அஸர் வரட்டும்

பசறை பஸ் நிலையத்தடியில் றஹீம் நானா கொத்து ரொட்டிக்குத் தகட்டைத் தட்டினால் பதுளையில் இருக்கிறவனுக்குப் பசிக்கும். பெரகலையில் பஸ்கள் தாமாகவே நிற்கும். அப்படிப்பட்ட கை. எலிக்காய்ச்சல் முற்றி, இருபத்திரண்டு நாள் சுவாச மிஷினில் கிடந்து வார்ட்டுக்கு வந்தபோது, மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டவும் அந்தக் கைக்கு வலுவில்லை. ஈ அதைத் தெரிந்துகொண்டு குடும்பத்தோடு வந்தது.

"பாரிசவாதமா மிஸ்?" என்று மனைவி முஷ்ரிபா கேட்டாள்.

"இல்லை," என்றாள் பிசியோதெரபி தயானி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. "கடும் வருத்தத்தில மிஷினில கிடந்தால் தசையும் நரம்பும் இப்பிடி ஓய்ஞ்சு போறதுண்டு. பயிற்சி செய்தால் கனபேருக்குத் திரும்பி வரும். எவ்வளவெண்டு இப்ப சொல்லேலாது. நானா, என்ர கையை இறுக்கிப் பிடியுங்கோ பாப்பம்."

மலையைப் பிடுங்குகிறவர் போல முயன்றார். அவள் உள்ளங்கையில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள், அவள் வந்ததும் கண்ணை மூடியவர் போகும்வரை திறக்கவில்லை.

பிறகு மனைவியிடம் ஈனக்குரலில் சொன்னார்: "தகட்ட முன்ஸிபுக்குக் குடுத்துடு."

முன்ஸிப் எதிர்க்கடைக்காரன்.

"அவன் தட்டினா நாயும் திரும்பாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இப்ப நான் அதுக்கும் கீழ."

முஷ்ரிபா அவர் மூக்கில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

ளுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு நேரமானது. எழ முடியாதவர் கண்ணால் தொழலாம். இமையைத் தாழ்த்திக் குனிந்தார், இன்னும் தாழ்த்தி நெற்றியை நிலத்தில் வைத்தார். கடைசி இருப்பில், இறைவன் ஒருவனே என்று சாட்சி சொல்லிச் சுட்டுவிரலை உயர்த்தும் இடத்தில், போர்வைமேல் கிடந்த விரல் எழுந்தது. ஓர் அரிசி உயரம் இருக்காது. முஷ்ரிபாவுக்கு நமுனுகுல மலையே எழுந்து நின்றது.

அவர் ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை மூச்சை அடக்கியிருந்து, தயானியைக் கூட்டிவந்தாள்.

"இன்னொருக்காத் தூக்குங்கோ நானா."

விரல் அசையவில்லை.

"நான் தூக்கினது எனக்கே தெரியா மகள்," என்றார் அவர். "அஸர் வரட்டும்."

மூன்று மணிக்கு வேலை முடிந்தும் தயானி பையைத் தோளில் போட்டபடி கட்டிலருகே நின்றாள். அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. இமைகள் தாழ்ந்தன, உயர்ந்தன. அந்த இடம் வந்தது. விரல் நடுங்கியது, எழுந்தது, ஒரு கணம் நின்றது. இம்முறை அவரும் பார்த்தார்.

தொழுகை முடிந்ததும் மனைவியைப் பார்த்தார்.

"முன்ஸிபுக்குச் சொல்லிட்டியா?"

"இல்லைங்க."

"சொல்லாத." பிறகு தயானியிடம், "உங்கட கையத் தாங்க மகள்," என்றார்.

தயானி பையைக் கீழே வைத்தாள்.