சாவி அவள் கைப்பையில் இருந்தது

அவள் தம்பிக்கு 'ஒட்டடை' என்று பெயர் வைத்தது அவள் கணவன்தான். தம்பி ஆறடிக்கு மேல் உயரம், உடம்பில் கிள்ளி எடுக்கச் சதை கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருநாள் வாசலில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே வந்தவனிடம், “மச்சான், அப்படியே அந்த மூலைல இருக்கற ஒட்டடையையும் அடிச்சு விட்டுரு” என்றான் கணவன். தம்பி முகம் சுளிக்கவில்லை. “கூலி என்ன மாமா தருவீங்க?” என்று கேட்டான். அன்றிலிருந்து இருவரும் நகமும் சதையுமாகிவிட்டார்கள். அவளுக்கே சில நாள் பொறாமையாக இருக்கும்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் கம்பெனி அவனைத்தான் அனுப்பும். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. தம்பி கூரியர் கிடங்கில் இரவு முழுக்க பார்சல் பிரித்துப் போடுவான். பகலில் எங்கே சாய்ந்தாலும் தூங்கிவிடுவான்.

மெக்கானிக்கின் மேலதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் மதிய விருந்து வைத்தார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் வழியெல்லாம் கம்பெனி போனில் பேசிக்கொண்டிருந்ததால் காரை அவள்தான் ஓட்டினாள். இறங்கியதும் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மெக்கானிக் தினமும் குடிக்கிற ஆள் இல்லை. விருந்து, கூட்டாளிகள் என்றால் குடிப்பான். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குடித்தான். ஆனால் தள்ளாடவில்லை, நாக்கு குழறவில்லை. எல்லாரிடமும் வழக்கத்தைவிட அன்பாகப் பேசினான், அவ்வளவுதான்.

கார் நிறுத்துமிடத்தில் அவன் கையை நீட்டினான்.

“நான் ஓட்டறேங்க. நீங்க பின்னாடி உக்காருங்க” என்றாள் அவள்.

“எனக்கு என்ன ஆச்சு இப்ப? நேரா நிக்கறேன் பாரு.”

பக்கத்தில் அவனோடு வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். “என்னப்பா, டிரைவர் வேலையும் வீட்டுக்காரம்மாவுக்குத்தானா?” என்று ஒருவர் சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தான், ஆனால் நீட்டிய கையை மடக்கவில்லை. அவள் பைக்குள் சாவியைப் பிடித்தபடி நின்றாள். இரவு வேலை முடித்து வந்த தம்பிக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது.

“அக்கா, குடுத்து விடு. வெயில் மண்டையைப் பொளக்குது. மாமா தூக்கத்துலயே ஓட்டுவாரு.”

அவள் கொடுத்தாள்.

தம்பிக்குக் கால் நீளம் என்பதால் எப்போதும் முன் இருக்கைதான். பெல்ட் போட்டுக்கொண்டான். ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போனான். ஊருக்கு வெளியே சுற்றுச்சாலையில், ஒரு வளைவு தாண்டி, சிமென்ட் லாரி ஒன்று பழுதாகி ஓரமாக நின்றது. அதன் பின்னால் வரிசையாக எச்சரிக்கைக் கூம்புகள் வைத்திருந்தார்கள். மெக்கானிக் பின் இருக்கையில் இருந்த அவளைக் கண்ணாடியில் பார்த்து, விருந்தில் யாரோ சொன்ன கதையைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். “முன்னாடி பாருங்க” என்று அவள் சொன்னது அவனுக்குக் கேட்டது. கேட்டுத்தான் வண்டியை ஒடித்தான். அவன் பக்கம் தப்பித்தது. தம்பி உட்கார்ந்திருந்த பக்கம் லாரிக்கு அடியில் போய்விட்டது.

மருத்துவமனையில் மெக்கானிக்குக்கு நெற்றியில் தையல், அவளுக்குத் தோள்பட்டையில் எலும்பு முறிவு. “என்னை விடுங்க, மொதல்ல அவனைப் பாருங்க” என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனைப் பார்க்க ஒன்றுமில்லை என்று யாரும் உடனே சொல்லவில்லை. போலீஸ்காரர் பக்கத்தில் நிற்க, நர்ஸ் அவன் கையில் ரத்தம் எடுத்தாள். சட்டம் அனுமதிக்கிற அளவைப்போல மூன்று மடங்கு இருந்தது.

குடித்துவிட்டு ஓட்டியது, அதனால் ஓர் உயிர் போனது என்று வழக்குப் பதிவானது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். கட்டடம் கட்டடமாக வண்டியில் சுற்றுகிற வேலை. லைசென்ஸ் இல்லாதவனைக் கம்பெனி வைத்துக்கொள்ளவில்லை. விருந்து வைத்த மேலதிகாரி ஒரு தடவை போனில் பேசினார். அப்புறம் அவரும் எடுப்பதில்லை.

ஜாமீனில் வந்தபின் மெக்கானிக் குடியைத் தொடவில்லை. தொடாமல் இருந்தும் யாருக்கும் பிரயோசனமில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அவன் அம்மா வந்து கூடவே தங்கினாள். மகனுக்குச் சோறு பிசைந்து கையில் கொடுத்தால்தான் இரண்டு வாய் உள்ளே போகும்.

அவள் அப்பா வீட்டுக்குள் வரமாட்டார். கீழே தெருவில் நின்று போன் செய்வார், அவள் இறங்கிப் போவாள்.

“எம் பையனைக் கொன்னவனுக்கு இன்னும் எத்தனை நாள் சமைச்சுப் போடப் போற?”

“எங்கப்பா போகச் சொல்றீங்க?”

“நம்ம வீடு இருக்குல்ல. அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்கா.”

அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மேலே போனால் மாமியார், “அப்பா என்னம்மா சொன்னாரு?” என்று கேட்பாள். “சும்மாதான் அத்தை, பாக்க வந்தாரு” என்பாள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வரும் முன்பு அவர்களுடைய வக்கீல் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், சுற்றி வளைக்கவில்லை.

“குடிச்சதை மறைக்க முடியாது. ரத்தம் பேசிடுச்சு. ஆனா வண்டி எதனால திரும்புச்சுங்கறதுக்கு சாட்சி இவங்க ஒருத்தங்கதான். தம்பி திடீர்னு பயந்து ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுத்துட்டாருன்னு இவங்க சொன்னா, தண்டனை பாதிக்குப் பாதி குறையும்.”

மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வக்கீல் போனபின் மெக்கானிக், “வேணாம். அவனைப் போய்…” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான். அன்றைக்கு அவளுக்கு அவன்மேல் பழைய பிரியம் வந்தது. ஆனால் நாள் நெருங்க நெருங்க அவன் தூக்கத்தில் உளற ஆரம்பித்தான். ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பு மாட்டுகிற இடத்தில் வந்து நின்றான்.

“அவன் இருந்திருந்தா, அவனே சொல்லியிருப்பான்ல? மாமா, எம்மேல போட்டுருங்கன்னு?”

அது உண்மை. தம்பி அப்படித்தான் சொல்லியிருப்பான். அதனால்தான் அவளால் அந்த வார்த்தையைத் தாங்க முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நீதிமன்றத்தில் அப்பாவும் அம்மாவும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் எதிர்ப்புறம் தனியாக இருந்தாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் அவள் உள்ளதைச் சொன்னாள். குடித்தாரா, குடித்தார். முன்னால் பார்த்து ஓட்டினாரா, இல்லை. அடுத்து அவர்களுடைய வக்கீல் எழுந்தார்.

“உங்க தம்பி ஸ்டியரிங்கைப் புடிச்சு இழுத்தாரா?”

மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“இல்லைங்க. அவன் தூங்கிட்டிருந்தான். தூங்கறப்ப வாயைத் தொறந்து வச்சுக்குவான். அப்படித்தான் இருந்தான்.”

அவள் அம்மா விசும்பியது கேட்டது. வக்கீல் ஒரு கணம் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். இனி அவள் தன் கட்சிச் சாட்சி இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் மாறியது.

“உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?”

“தெரியும்.”

“லைசென்ஸ் இருக்கா?”

“இருக்கு.”

“அன்னைக்கு நீங்க குடிச்சீங்களா?”

“இல்லை.”

“கார் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“என் கைப்பையில.”

“அவர் பிடுங்கினாரா?”

“இல்லை.”

“அப்ப?”

“நான்தான் குடுத்தேன்.”

“குடிச்சிருக்காருன்னு தெரிஞ்சே குடுத்தீங்க.”

“தெரிஞ்சுதான் குடுத்தேன்.”

யாராவது கொடுக்கச் சொன்னார்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் சொல்லியிருக்கமாட்டாள். வெயில் மண்டையைப் பொளக்குது என்று தம்பி சொன்னதை அவள் அதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. அதற்குப் பின்னும் சொல்லவில்லை.

கடைசி பெஞ்சில் அப்பா எழுந்தார். அம்மாவைக் கைபிடித்துத் தூக்கி வெளியே கூட்டிப்போனார்.

அவள் ஓடிப்போய் வராந்தாவில் அவர்களைப் பிடித்தாள். அப்பா கத்தவில்லை. வேறு யாரிடமோ வழி கேட்பதுபோலக் கேட்டார்.

“நீ ஓட்டியிருக்கலாம்ல?”

“ஓட்டியிருக்கலாம்ப்பா.”

“எல்லாரும் பாக்கறாங்கன்னு விட்டுட்டியா?”

“ஆமாம்ப்பா.”

அம்மா அவள் கையைப் பிடிக்க வந்தாள். அப்பா அம்மாவின் தோளைத் திருப்பி நடக்கவைத்தார். இருவரும் கூட்டத்துக்குள் போய் மறையும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

தீர்ப்பில் ஐந்து வருடம் சிறை, லைசென்ஸ் நிரந்தரமாக ரத்து. தெரிந்து குடித்து, தெரிந்து ஓட்டிவிட்டு அதை விபத்து என்று சொல்லிக்கொள்ள முடியாது என்று நீதிபதி வாசித்தார். மெக்கானிக் தலையாட்டினான். கொண்டுபோகும்போது அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்க்கவில்லை.

அப்பா போன் செய்வது நின்றுபோனது. அம்மா எப்போதாவது அவர் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவாள். “சாப்பிட்டியா?” என்று கேட்பாள், வாசல் கதவு சத்தம் கேட்டால் வைத்துவிடுவாள். கொஞ்ச நாளில் அந்த அழைப்பும் வரவில்லை. அவள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

சிறைக்குப் பார்க்கப் போனாள். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இளைத்துக் கறுத்து உட்கார்ந்திருந்தான். சாப்பாடு, தூக்கம், முதுகுவலி என்று அவள் ஏதேதோ கேட்டாள். எல்லாவற்றுக்கும் ம் என்றான். பிறகு அவனாகப் பேசினான்.

“கோர்ட்டுல நீ, சாவியை நான்தான் குடுத்தேன்னு சொன்னேல்ல. அப்ப எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு. நான் மட்டும் இல்லைன்னு. நான் எப்படிப்பட்ட ஆளுன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.”

அவளுக்கு அழுகை வரவில்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அது உண்மையில்லை, நீதிமன்றத்தில் அதைச் சொல்லும்போது அவளுக்கு எந்த நிம்மதியும் இருக்கவில்லை.

“இனிமே வராத” என்றான். “வந்தா ரெண்டு பேருக்கும் அவன் ஞாபகம்தான்.”

“அத்தையை?”

“அம்மாவை அனுப்பு.”

நேரம் முடிந்தது என்று காவலர் வந்து சொன்னார். அவன் எழுந்து, திரும்பாமல் போனான்.

பஸ்ஸில் வெகுதூரம் நின்றுகொண்டே வந்தாள். உடைந்து கூடிய தோள் வலித்தது. கதவைத் திறந்ததும் மாமியார் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“எப்படிம்மா இருக்கான்? என்னைக் கேட்டானா?”

“கேட்டாரு அத்தை. அடுத்த தடவை நீங்க போயிட்டு வாங்க.”

“நீயும் வாயேன். எனக்குத் தனியா என்ன தெரியும்?”

“எனக்குக் கடையில லீவு தரமாட்டாங்க” என்று சொல்லிவிட்டு அவள் முகம் கழுவப் போனாள்.