முதல் சட்டியைக் கிண்டியவள்

விடிவதற்கு முன்பே முகப்பூச்சுக் கம்பெனியின் கலவைக் கூடத்தில் கொப்பரைகள் சூடேறிவிட்டன. மெழுகுக் கட்டிகளைச் சுமந்துவந்து கவிழ்த்துவிட்டு, ஆளுயரத் துடுப்பால் கிண்டத் தொடங்கினாள் கலவையக்கா. இருபத்தாறு வருஷமாக அதே கொப்பரை. மெழுகு இளக வேண்டும், எண்ணெய் சேர வேண்டும், ஆறுவதற்குள் வெள்ளையைக் கொட்டிவிட வேண்டும். மூட்டையில் வரும் அந்தப் பொடிக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் அதுதான், வெள்ளை. கொட்டும்போது புகையாக எழும்பிக் கண்ணிமையில் படியும். கலவையக்கா மூக்கில் நாலு மடிப்புத் துணி கட்டி, ஜன்னலை ஒட்டியே நிற்பாள். மூட்டைப் பக்கம் நின்று கொட்டுவது எப்போதும் கூட வேலை செய்பவள்தான்.

மூன்று வருஷமாக அங்கே நின்றவளை எல்லாரும் ஒல்லி என்பார்கள். வாய் ஓயாதவள். "ஊர் மூஞ்சியெல்லாம் பளபளன்னு ஆக்குறோம், நம்ம மூஞ்சிக்கு மட்டும் ஒரு வழியைக் காணோமேக்கா" என்று சிரிப்பாள். சில மாதங்களாகப் பேச்சு குறைந்துவிட்டது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பியது. கலவையக்கா அதைப் பார்த்தாள். பார்க்காதவள் போல இருந்தாள்.

அன்று காலை, உருகிய மெழுகை வாளியில் மொண்டு டின் நிரப்பும் மேடைக்குக் கொண்டுபோகும்போது ஒல்லியின் கை உதறியது. வாளி சாய்ந்து, வலது பாதம் முழுக்கக் கொட்டிவிட்டது. தண்ணீர் ஊற்றினார்கள். உறைந்த மெழுகு தோலோடு பிரிந்து வந்தது. கொப்பரைகளை விட்டுவிட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள்.

முதலாளி வந்தார். காலைப் பார்த்தார், பிறகு கையைப் பார்த்தார்.

"கை ஏன் இப்படி ஆடுது?"

"தெரியலைங்க. நாலு மாசமா இப்படித்தான்" என்றாள் ஒல்லி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்க வீட்டுல யாருக்காவது இருந்திருக்கும். பரம்பரை வியாதி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளையிலேர்ந்து இவ வர வேண்டாம்."

டின்னுக்கு மூடி அழுத்தும் மூடிக்காரர் முன்னால் வந்தார். "வெள்ளையைக் கொட்டுறவங்களுக்கு மட்டும் அந்தப் பரம்பரை எப்படிங்க வந்து சேருது? இவளுக்கு முன்னாடி நின்னவளுக்கும் கை ஆடிச்சு."

"வாசல்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள கம்பெனியோட முதல் சட்டி இருக்கே, பார்த்திருக்கீங்கல்ல? அதை எங்க அப்பா தன் கையால கிண்டினார். எண்பது வயசு வரைக்கும் ஊசியில நூல் கோத்தார். பொடியில கெடுதல் இருந்தா முதல்ல அவருக்கில்ல வந்திருக்கணும்?" என்றார் முதலாளி.

அந்தக் கதை எல்லா டின்னிலும் அச்சாகியிருந்தது. பெரிய ஐயா, ஒரு சட்டி, ஒரு அடுப்பு.

பரம்பரை வியாதி என்ற சொல்லைக் கலவையக்கா முன்பே கேட்டிருக்கிறாள். பதினொரு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட சொல் அது. 'யார் கேட்டாலும் பரம்பரை வியாதின்னு சொல்லு' என்று மாமா அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினாள்.

துடுப்பைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சட்டியைக் கிண்டினது உங்க அப்பா இல்லைங்க."

முதலாளி திரும்பினார்.

"எங்க அம்மா. உங்க அப்பாவோட கூடப்பிறந்த தங்கச்சி."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "குடும்ப விஷயத்தை வீட்டுல வச்சுப் பேசிக்கலாம்."

"எந்த வீட்டுல? உங்க வாசப்படியை நாங்க மிதிச்சு முப்பது வருஷமாச்சு." அவள் மற்றவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எங்க அம்மாவும் மாமா சம்சாரமும்தான் மாத்தி மாத்திக் கிண்டுவாங்க. அம்மாவுக்குக் கை ஆட ஆரம்பிச்சுது. பார்த்த டாக்டர் மாமாவுக்கு ஒரு கடுதாசி எழுதினார். அந்த வெள்ளைப் பொடியில பாதரசம் இருக்கு, யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னு. மாமா படிச்சார். அந்த வாரமே அத்தையை மாடிக்கு அனுப்பிட்டார், அடுப்புப் பக்கமே வர விடலை. தங்கச்சியை மட்டும் சட்டிகிட்டயே விட்டுட்டார். அதுக்கப்புறமும் நாலு வருஷம். கடைசியில அம்மாவுக்கு நான்தான் சோறு ஊட்டினேன்."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதே."

"மாமா கசக்கி எறிஞ்ச கடுதாசி என் பெட்டியில இருக்கு. வெளியே சொல்ல மாட்டேன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் எனக்கு இந்த வேலையும் இருக்க ஒரு அறையும் குடுத்தார்."

"அறை கம்பெனியோடது. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு."

"சரிங்க."

முதலாளி போய்விட்டார். தரையில் உட்கார்ந்திருந்த ஒல்லி மெல்லக் கேட்டாள். "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சேதான் என்னை மூட்டைப் பக்கம் நிக்க விட்டீங்களா?"

யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்பவர் மேஸ்திரி. அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நாக்கு அந்தப் பக்கம் புரளவில்லை.

"ஜன்னல் பக்கம் நான் நின்னுக்கிட்டேன்" என்றாள். "மாமா செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன்."

ஒல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூடிக்காரர் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்.

பிறகு ஒருவரும் கலவையக்காவிடம் பேசவில்லை. அறைக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். தூக்கக் குனிந்தபோது லேபிள் ஒட்டுகிறவள் வந்து மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். "கோவம் கோவமாத்தான் இருக்கு. அதுக்காக உங்களைத் தெருவுல விட முடியுமா? என் வீட்டுல இடமிருக்கு."

மத்தியானம், சாப்பாட்டுக் கொட்டகையில் லேபிள் ஒட்டுகிறவள்தான் கடிதத்தை உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் காகிதத்தை மடித்தாள். "என் பொண்ணு தினம் இதைத்தான் பூசுறா. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

கட்டுப்போட்ட காலோடு ஒல்லியும் திரும்பி வந்திருந்தாள். பேச்சு எழும்பியது. வேலையை விட்டு அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்றார்கள். நாளைக்கு நம் கை ஆடினால் என்ன செய்வது என்றார்கள். எல்லாருடைய கையையும் டாக்டர் பார்க்கிற வரைக்கும் மூட்டையைப் பிரிப்பதில்லை, ஒல்லியை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது, கடிதத்தோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவது என்று முடிவாயிற்று.

"ஒரே காகிதம்னா ஒரே நிமிஷத்துல கிழிச்சிடுவாங்க" என்றார் மூடிக்காரர். "ஆளுக்கொரு நகல் எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அட்டைப்பெட்டிகளைக் கிழித்து அடியில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்கள். ஒல்லியும் காகிதம் கேட்டாள்.

"நீ சும்மா இரும்மா, உனக்கு நான் எழுதித் தர்றேன்" என்றார் மூடிக்காரர்.

"வேண்டாம். நானே எழுதுறேன். இந்தக் கை எப்படி எழுதுதுன்னு அவங்களும் பார்க்கட்டும்."

பேனா கோட்டைத் தாண்டி ஓடியது. அட்டை வழுக்கியது. கலவையக்கா தயங்கித் தயங்கி வந்து எதிரில் உட்கார்ந்து, அட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். ஒல்லி நிமிரவில்லை. ஒரு வரி எழுதினாள், இன்னொரு வரி எழுதினாள்.

"கொஞ்சம் இறுக்கிப் பிடிங்கக்கா" என்றாள்.

மத்தியான வேலைக்குச் சங்கு ஊதியது. மேஸ்திரி வாசலில் வந்து நின்று மணியைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.