பாலேந்திரா கடைசியாகக் காணப்பட்ட ஆண்டு

2003 நவம்பரில் லண்டன் பிளேஸ்டோவில் தவநாயகியின் மூன்றாம் மாடி வீட்டுக்குள் ஓர் ஆறு வந்தது. வடதுருவத்துக்குச் சற்றுக் கீழே, ஆளில்லாத மலைகளில் இருந்து வரும் ஆறு. குளியலறைக் கதவடியால் நுழைந்து, ஹோலைக் கடந்து, படுக்கையறைச் சுவருக்குள் போனது. அலுமாரி நின்ற பக்கம் மறுகரையாகி, அதற்கப்பால் பனிமலை நின்றது. நகரசபைக் கவுன்சில் அனுப்பிய ஆள் கம்பளத்தைத் தொட்டுப் பார்த்து, மூச்சுக்காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று எழுதிவிட்டுப் போனான். இந்த நாட்டில் ஏழைகளின் வீட்டுக்குள் எது வந்தாலும் அவர்கள் மூச்சு விட்டதால்தான் வருகிறது.

அது எந்த ஆறு என்று தவநாயகிக்குத் தெரியும். மனைவியையும் மகளையும் முதலில் லண்டனுக்கு அனுப்பிவிட்டு, 1999இல் களவாக ஆட்களைக் கொண்டுபோகும் ஏஜென்சிக்காரனை நம்பி ரஷ்யாவின் வடக்கால் வந்த பாலேந்திரா, அந்தக் கரையோடு காணாமல் போனார். கூட வந்த பெனடிக்ற் இப்போது வெம்பிளியில் பெற்றோல் ஸ்டேசனில் வேலை. முதல் வருடம் அவன், அண்ணை கரையில் இருந்து கை காட்டினார் என்றான். அடுத்த வருடம், ஐஸ் உடைந்து விழுந்தார் என்றான். மூன்றாம் வருடம், தானே அவர் கண்ணை மூடிவிட்டதாக அழுதான். சொந்தக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு அந்தியேட்டி என்ற ஈமச்சடங்குக்கு நாள் பார்த்தார்கள்.

மகள் வான்மதி, அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள், எழுநூறு வருடங்களுக்கு முந்திய அரபு வாழ்க்கைக் குறிப்பு நூல்களைப் படித்தவள். அவற்றில் ஓர் ஆளுக்குப் பத்து வரி: தகப்பன் பெயர், ஊர், யாரிடம் படித்தார், எப்போது இறந்தார். இறந்தது தெரியாவிட்டால் ஊகிக்க மாட்டார்கள். இன்ன ஆண்டில் உயிரோடு இருந்தார் என்று எழுதி, சொன்னவர் பெயரையும், அவரை நம்பலாமா என்பதையும் வைப்பார்கள். வான்மதி ஒரு மட்டையில் எழுதினாள்: பாலேந்திரா, சின்னத்தம்பியின் மகன், கரவெட்டி. 1999இல் உயிரோடு இருந்தார். சொன்னவர் பெனடிக்ற், நல்ல மனிதர், நினைவு பிசகும்.

"எனக்கோ பிள்ளை நினைவு பிசகுது?" வீட்டுக்கு வந்து மட்டையை வாசித்த பெனடிக்ற் சப்பாத்தைக் கையில் பிடித்தபடி தண்ணீர் ஓரத்தில் நின்றான்.

"ஒரு மனுசனுக்கு மூண்டு கதை சொல்லியிருக்கிறியள் அங்கிள். ஒண்டைத் தெரிஞ்செடுங்கோ."

அவன் மறுகரைப் பக்கம் திரும்பினான். "நடக்க ஏலாதெண்டு இருந்திட்டார். விட்டிட்டு வந்திட்டன். மிச்சம் எனக்குத் தெரியாது."

அந்தியேட்டி நின்றது. சொந்தக்காரர் வருவதும் நின்றது. ஆறு நவம்பரில் உறைந்து மே மாதத்தில் உடையும். தாயும் மகளும் அதன் இக்கரையில் சமைத்தார்கள், தூங்கினார்கள்.

2006 மே மாதம் தவநாயகி சொன்னாள்: "அப்பா இருமினவர். அலுமாரிப் பக்கம்."

"ஐஸ் உடையிற சத்தமம்மா. சும்மா இருங்கோ."

"பதினைஞ்சு வருசம் பக்கத்தில படுத்தனான். ஐஸ் ஆர், அவர் ஆர் எண்டு எனக்குத் தெரியாதே?"

வான்மதிக்கு ஒன்றும் கேட்கவில்லை. கோபத்தில் இரண்டு நாள் தாயோடு பேசவில்லை. பிறகு, சாட்சியை விசாரிப்பதுதான் முறை என்பதால் விசாரித்தாள். தாய் இரண்டு ஒபிசுகள் கூட்டித் துடைப்பவள். ஷிப்டில் ஐந்து நிமிடம் கூட்டி எழுதியதில்லை. பெனடிக்ற்றை ஒரு நாளும் திட்டியதில்லை. அகதி விசாரணையில் எல்லோரும் பொய் சொல்லச் சொன்னபோதும் சொல்லவில்லை. வான்மதி மட்டையை எடுத்து 1999ஐ வெட்டி, 2006 என்று எழுதினாள். சொன்னவர் மனைவி தவநாயகி, நம்பத்தக்கவர்.

அதன்பின் தாய் கேட்டுச் சொல்ல, மட்டையில் மூன்று தடவை ஆண்டு மாற்றியாகிவிட்டது. கம்பளம்தான் இன்னும் காயவில்லை.