கடைசியாக வருபவளுக்கே முதல் பரிசு

இரேஷாவும் தில்ஹானியும் பேச்சை நிறுத்திப் பதினேழு நாளாகியிருந்தது. பொலன்னறுவைப் பக்கத்து அந்தக் குளத்து ஊரில் இதை மூன்றாம் நாளே முதலில் கண்டுபிடித்தவர் சைக்கிளில் பாண் ரொட்டி விற்கிறவர். "மூணு நாளா இந்தத் தெரு இவ்வளவு அமைதியா இருக்கே, யாராவது செத்துட்டாங்களா?" என்று இரேஷாவின் அம்மாவிடமே விசாரித்தாராம்.

எல்லாம் தையல்கார பத்மா அக்கா கிளப்பிவிட்டது. "உன் சிநேகிதி கண்டியில ஹாஸ்டல்ல சேரப் போறாளே, அந்த ஸ்கூல் கவுன் முழங்காலுக்குக் கீழ எத்தனை அங்குலம் வரணும்னு உனக்குத் தெரியுமா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். இரேஷாவுக்கு அங்குலமும் தெரியாது, கண்டியும் தெரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பதினோராம் வகுப்பு சாதாரண தரப் பரீட்சைக்குக் கூட ஒன்றாகவே படித்து, கணக்கில் ஒரே தப்பை இரண்டு பேரும் செய்தவர்கள். தில்ஹானி ஊரை விட்டுப் போவது தையல்காரிக்குத் தெரியும், இவளுக்குத் தெரியாது!

அன்று சாயங்காலமே தில்ஹானியின் சாமான்களை ஒரு பையில் போட்டுத் திருப்பி அனுப்பினாள். சீப்பு, பாதி தீர்ந்த தைலம், தில்ஹானியின் தம்பி கடித்துத் துப்பிய அழிரப்பர். ஒன்றையும் விடவில்லை. மறுநாள் அதே பையில் இவள் சாமான்கள் வந்து சேர்ந்தன.

சித்திரைப் புத்தாண்டு வந்தது. சண்டையோ சமாதானமோ, அக்கம்பக்கத்துக்குப் பலகாரத் தட்டு போயே ஆக வேண்டும். தில்ஹானி வீட்டுக்குப் போகிற தட்டில் இரேஷா உடைந்த கொக்கிஸ் அச்சுமுறுக்காகப் பொறுக்கி வைத்தாள். பதில் தட்டில் வந்த பணியாரம் அத்தனையும் ஒரு பக்கம் கருகியிருந்தது. அம்மாமார் இருவரும் ஒருவர் சமையலை ஒருவர் மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஊர் விளையாட்டு விழா. பெண்களுக்கான மெது சைக்கிள் போட்டிக்கு இரேஷா பெயர் கொடுத்தாள். அறுபது அடி தூரம். கடைசியாகப் போய்ச் சேருகிறவள்தான் ஜெயித்தவள். கால் தரையில் பட்டால் அவுட், பக்கவாட்டுச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினாலும் அவுட். போன வருஷம் இதில் தில்ஹானி முதல், இவள் இரண்டாவது. இந்த வருஷம் அவளைத் தோற்கடித்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்று நினைத்திருந்தாள். பக்கத்துத் தடத்திலேயே தில்ஹானியின் சைக்கிள் வந்து நின்றது.

விசில் ஊதியதும் எட்டுப் பேரில் ஆறு பேர் முதல் பத்து அடிக்குள்ளேயே சரிந்தார்கள். மிஞ்சியது இந்த இருவர்தான். வெயில் மண்டையைப் பிளந்தது.

"உன்ன யாருடி பேரு குடுக்கச் சொன்னா?" என்றாள் இரேஷா, முன்சக்கரத்தைப் பார்த்தபடியே.

"ஏன், மைதானம் உங்கப்பன் வீட்டுதா?"

பதினேழு நாளில் முதல் பேச்சு இது. வேறு இடமாக இருந்தால் இரேஷா விருட்டென்று போயிருப்பாள். இங்கே விருட்டென்று போனால் தோற்றுப்போவாள். வேண்டாதவள் பக்கத்திலேயே, அங்குலம் அங்குலமாக உருட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதாயிற்று.

"பிள்ளைங்களா, வேகமா, வேகமா... ஐயோ இல்ல, மெதுவா! எனக்கே தலை சுத்துதப்பா!" என்று போட்டியை நடத்துகிற விமலசேன மாமா ஒலிபெருக்கியில் கத்தினார்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ."

"அழுதா உனக்கென்ன?"

"நீ அழுதா மூக்கு ஒழுகும். அதப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். அப்புறம் நானும் அழுவேன். எப்படிச் சொல்றதுன்னு நெனச்சு நெனச்சே நாள் போயிடுச்சு."

இரேஷா ஹேண்டிலை இறுகப் பிடித்தாள். தேங்காய் துருவும் போட்டிக்கு வந்த அம்மாமார் துருவியும் கையுமாகக் காத்திருந்து, கடைசியில் பொறுமை இழந்து மைதான ஓரத்திலேயே துருவ ஆரம்பித்துவிட்டார்கள். முடிவுக் கோட்டுக்கு இன்னும் ஏழெட்டு அடிதான்.

"எப்போ பஸ்?"

"ஞாயித்துக்கிழமை. காலைல அஞ்சரைக்கு."

"அஞ்சரைக்கா? உனக்கு அப்போ கண்ணே தொறக்காதே."

"அதான். நீதான் வந்து எழுப்பணும்."

அவ்வளவுதான். இரேஷாவின் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. துடைக்கக் கையை எடுத்தால் விழுவாள். மேல் உதடு வரை வந்ததை உறிஞ்சிப் பார்த்தாள், அது கேட்பதாக இல்லை. தில்ஹானி திரும்பிப் பார்த்துக் 'களுக்' என்று சிரித்தாள். சிரிப்பில் சைக்கிள் சாய்ந்தது, இவள் சைக்கிள் மேல் விழுந்தது. இருவரும் சக்கரம், சங்கிலி, பாவாடை எல்லாம் பின்னிக்கொண்டு புழுதியில் கிடந்தார்கள். யார் அழுகிறாள், யார் சிரிக்கிறாள் என்று ஊருக்குப் புரியவில்லை.

"ரெண்டு பேர் காலும் ஒரே நேரத்துல தரையில பட்டுச்சு," என்றார் விமலசேன மாமா. "முதல்லேருந்து மறுபடியும் ஓட்டணும்." பசியில் இருந்த கூட்டம் மொத்தமும் முனகியது. "பரிசப் பங்கு போட்டுக் குடுங்கய்யா!" என்று யாரோ கத்தினார்கள். பரிசு ஒரே ஒரு ஃபிளாஸ்க்.

"வேணாம் மாமா, ஓட்டுறோம்!" இரண்டு குரலும் ஒன்றாக வந்தது.

சைக்கிளை உருட்டிக்கொண்டு தொடக்கக் கோட்டுக்குத் திரும்பினார்கள். அந்த ஐம்பது சொச்ச அடியைக் கடக்கவே கால் மணி நேரம் ஆக்கினார்கள். வீணடித்த பதினேழு நாளின் கதையையும் இரேஷா அதற்குள் சொல்லித் தீர்க்கப் பார்த்தாள். விசிலை வாயில் வைத்த மாமாவைப் பார்த்தபடி தில்ஹானி அவள் காதோரம் குனிந்தாள்.

"இந்தத் தடவை இன்னும் மெதுவா போலாம்டி."